பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு: தாய்மார்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தை பிறந்து நான்கு நாள்தான் ஆகிறது. எதற்கென்றே தெரியாமல் அழுகை வருகிறது. இது நோயா?

பெரும்பாலும் இல்லை. பிரசவமானவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் இப்படி அழுகை தொடங்கும். நான்காம் ஐந்தாம் நாளில் உச்சத்தில் இருக்கும். யாராவது அன்பாக ஒரு வார்த்தை கேட்டாலே கண் நிறைந்துவிடும். அரை மணி கழித்துச் சிரிப்பும் வரும். இதற்கு மருந்து தேவையில்லை. தூக்கமும் துணையும் இருந்தால் பத்து நாளில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில், தானாக அடங்கிவிடும்.

அந்த இரண்டு வாரத்தை நினைவில் வையுங்கள். குழந்தை பிறந்த நாளிலிருந்து எண்ணி 14ஆம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தால் இன்னும் நல்லது. அந்த நாள் தாண்டியும் அழுகையோ சோர்வோ குறையவில்லை, அல்லது நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தாலோ, இல்லாத குரல் காதில் விழுந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனச்சோர்வு என்றால் எப்படி இருக்கும்? எல்லாப் புதுத் தாயும் களைத்துத்தானே போகிறாள்?

களைப்பு எல்லோருக்கும் உண்டு. களைத்த தாய்க்கு இரண்டு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு படுக்கச் சொன்னால் தூங்கிவிடுவாள்; எழுந்ததும் கொஞ்சம் தெளிவாக இருப்பாள். மனச்சோர்வு உள்ளவளுக்குக் குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராது. கண்ணை மூடினால் மனம் ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கி எழுந்தாலும் நெஞ்சில் உள்ள பாரம் அப்படியே இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள்: நாளின் பெரும்பகுதி துக்கமோ வெறுமையோ, முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமை, பசி மிகவும் குறைவது அல்லது கூடுவது, தூக்கக் கோளாறு, பேச்சும் அசைவும் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத பரபரப்பு, உடலில் வலுவே இல்லாதது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும் குற்றவுணர்வும், எதையும் முடிவு செய்ய முடியாமை, சாவைப் பற்றிய நினைப்பு. முதல் இரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தம் ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரமாகத் தொடர்ந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் அது மனச்சோர்வு. நான்குதான் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எண்ணிப் பார்ப்பது மருத்துவரின் வேலை.

இது எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிட்டுப் பிரசவத்துக்குப் பிறகு வெளியே தெரிவதும் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆன பிறகு வருவதும் உண்டு. “இவ்வளவு நாள் நன்றாகத்தானே இருந்தாள்” என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உலக அளவில் பிரசவமானவர்களில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு இது வருகிறது.

எனக்கு அழுகையே வரவில்லை. கோபம்தான் வருகிறது.

அதுவும் மனச்சோர்வாக இருக்கலாம். பால் புட்டி கீழே விழுந்ததற்குக் கத்துவது, கணவர் மூச்சுவிடும் சத்தம்கூட எரிச்சலாக இருப்பது, கத்தி முடித்ததும் “நான் ஏன் இப்படி ஆகிவிட்டேன்” என்று நொந்துபோவது என்று பலருக்கு முதலில் தெரிவது கோபம்தான். இன்னும் சிலருக்குப் பதற்றம். குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவு முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கை வைத்துப் பார்ப்பார்கள். அழாததாலேயே இவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. மருத்துவரிடம் போகும்போது கோபத்தையும் பதற்றத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள்.

குழந்தையைப் பார்த்தால் பாசம் பொங்கவில்லை. நான் கெட்ட தாயா?

இல்லை. குழந்தையைக் கையில் வாங்கியதும் பாசம் ஊற்றெடுக்கும் என்பது சிலருக்கு நடக்கும். நிறையப் பேருக்கு அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வரும். மனச்சோர்வு இருந்தால் எல்லா உணர்வும் மரத்துப்போகும், பாசமும்தான். நோய் தணியும்போது அது திரும்பி வருகிறது. வரும்வரை குழந்தைக்குத் தேவையானது கிடைத்தால் போதும்: பால் கொடுக்கும்போது முகம் பார்ப்பது, துணி மாற்றும்போது நாலு வார்த்தை பேசுவது, ஒரு நாளில் சில தடவை வெறும் மார்பின் மேல் படுக்கவைத்துக்கொள்வது. உள்ளே ஒன்றும் தோன்றாவிட்டாலும் செய்யுங்கள். அது நடிப்பு ஆகாது. அந்தப் பத்து நிமிடம் குழந்தைக்கு உண்மையாகவே போய்ச் சேருகிறது.

குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, ஏதாவது செய்துவிடுவேனோ என்று கண் முன்னால் காட்சி காட்சியாக வருகிறது. வெளியே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ?

யாரிடமும் சொல்ல முடியாமல் தாய்மார்கள் தனியாகச் சுமப்பதில் இதுதான் முதலிடம். குழந்தைக்கு விபத்து நடப்பது போன்ற வேண்டாத எண்ணங்கள் பெரும்பாலான புதுத் தாய்மார்களுக்கு ஏதாவது ஒரு நேரம் வந்து போகின்றன. தன் கையாலேயே கேடு நடப்பது போன்ற எண்ணம்கூட ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வந்திருக்கிறது. மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும்போது அவை அடிக்கடி வரும், விடாமல் வரும்.

பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணம் வரும்போது உங்களுக்குத் திகிலாக இருக்கிறதா, “ஐயோ, இது என்ன நினைப்பு” என்று உடம்பு பதறுகிறதா, அதனாலேயே மாடிப்படிப் பக்கம் போகாமல், கத்தியை ஒளித்துவைத்து, குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டப் பயப்படுகிறீர்களா? அப்படியானால் இவை உங்கள் விருப்பத்துக்கு நேர் எதிரான ஊடுருவும் எண்ணங்கள். இவற்றின்படி நடந்துவிடும் ஆபத்து மிகமிகக் குறைவு. சிகிச்சையில் நன்றாகக் குறையும். மனநல மருத்துவர்களுக்கு இது தினமும் கேட்டுப் பழகிய விஷயம்.

அதற்கு மாறாக, அந்த எண்ணம் சரியானதாகவே தோன்றினால் விஷயம் வேறு. “இந்தக் குழந்தை வேறு ஏதோ”, “இதைக் காப்பாற்ற இதைச் செய்துதான் ஆக வேண்டும்” என்று படுவதோ, யாரோ கட்டளையிடுவதாகக் கேட்பதோ அவசர நிலை. அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

எந்த அறிகுறி வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது?

முதலாவது, பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்குத்தான் வரும். ஆனால் வேகமாக வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், சில சமயம் மூன்றாம் நாளிலேயே தொடங்கிவிடும். ஆரம்பத்தில் சந்தோஷமாக இருப்பது போலவே தோன்றும்: இரண்டு நாளாகத் தூங்கவில்லை, தூக்கம் தேவைப்படவும் இல்லை, நிறுத்தாமல் பேச்சு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத திட்டங்கள். பிறகு குழப்பம், சந்தேகம், இல்லாததைக் காண்பது, கேட்பது. ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசிவிட்டு அடுத்த மணி நேரம் தலைகீழாக மாறுவதும் இதன் இயல்பு. காலையில் நன்றாகப் பேசினாள் என்று மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவது இங்கேதான் உயிருக்கே உலை வைக்கிறது. இருதுருவக் கோளாறு (அளவுக்கு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய்) முன்பே இருப்பவர்களுக்கும், முந்தைய பிரசவத்தில் இது வந்தவர்களுக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

இரண்டாவது, தற்கொலை எண்ணம். “நான் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருக்கும்” என்று தோன்றுவதும் இதில் சேரும். பல நாடுகளில் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டில் தாய்மார்கள் இறப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாகத் தற்கொலை இருக்கிறது.

இந்த இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே. தாயைத் தனியாக விடக் கூடாது; குழந்தையுடன் தனியாகவும் விடக் கூடாது. வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் ஆபத்தான பொருட்களையும் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். உங்கள் நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள், அல்லது நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நுழைந்ததும் “பிரசவமாகி இத்தனை நாள் ஆகிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அங்கே அவசரத்தின் அளவை அது மாற்றும். நீங்களே இந்த நிலையில் இருந்து படிக்கிறீர்கள் என்றால், மீதியைப் பிறகு படிக்கலாம். பக்கத்தில் இருப்பவரிடம் “என்னைத் தனியா விடாதீங்க” என்று இப்போதே சொல்லுங்கள்.

இது ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று கிடையாது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் மிக உயர்ந்த அளவில் இருக்கும். நஞ்சுக்கொடி வெளியே வந்த ஓரிரு நாளில் இரண்டும் சரசரவென்று இறங்கிவிடும். புரோஜெஸ்டிரோனிலிருந்து உடல் உண்டாக்கும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளையைச் சாந்தப்படுத்தும் காபா ஏற்பிகளில் (நரம்புச் செல்களில் காபா என்ற வேதிப்பொருள் ஒட்டும் இடங்கள்) வேலை செய்கிறது. அதுவும் கூடவே குறைகிறது. இந்த இறக்கம் எல்லோருக்கும் நடக்கிறது. சிலருடைய மூளை மட்டும் அதற்கு ஈடுகொடுக்கத் திணறுகிறது. அதன் மேல் தொடர்ந்து கலையும் தூக்கம், ஆறாத காயத்தின் வலி, துணையின்மை எல்லாம் ஏறிக்கொள்கின்றன.

முன்பு எப்போதாவது மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும், மாதவிடாய்க்கு முன் மனநிலை கடுமையாக மாறுபவர்களாக இருந்தாலும், குறைமாதப் பிரசவம், குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது, முன்பு கருச்சிதைவு, வீட்டில் அடி உதை, பணக் கஷ்டம், இரட்டைக் குழந்தை இவற்றில் ஏதாவது இருந்தாலும் வாய்ப்பு கூடும். இவை ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆசைப்பட்டுப் பெற்ற குழந்தை, நல்ல கணவர், நல்ல வசதி எல்லாம் இருந்தும் வரும். “உனக்கு என்ன குறை” என்ற கேள்வி நோயைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கேட்கப்படுபவளை வாய்மூட வைக்கிறது, அவ்வளவுதான்.

எடின்பரோ கேள்வித்தாள் என்கிறார்களே, அதை எப்படிப் போடுவது?

மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்ப்பதற்காக 1987இல் உருவான பத்துக் கேள்விகள். தமிழ் உட்படப் பல மொழிகளில் இருக்கிறது. ஐந்து நிமிடம் போதும். சிரிக்க முடிகிறதா, எதையாவது ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா, தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா, பதற்றம், பயம், வேலைகள் தலைக்கு மேல் போவது, தூக்கம், துக்கம், அழுகை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் என்று போகும். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30.

10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 13 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வாரமே போக வேண்டும். பத்தாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.

வழக்கமாகத் தப்பாகும் இடங்கள் மூன்று. 1, 2, 4 ஆகிய கேள்விகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3 என்று வரும். மற்றவற்றுக்குத் தலைகீழாக 3, 2, 1, 0. இதைக் கவனிக்காமல் கூட்டினால் கணக்கு முழுக்கத் தப்பு. ஏழாவது கேள்வி குழந்தை எழுப்புவதைப் பற்றிக் கேட்கவில்லை. மனம் சரியில்லாததால் தூக்கம் வராமல் இருப்பதைத்தான் கேட்கிறது. மூன்றாவது, பக்கத்தில் வீட்டார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். தனியாக உட்கார்ந்து நிரப்ப விடுங்கள்.

மதிப்பெண் குறைவாக வந்தும் மனசு சரியில்லை என்று தோன்றினால் உங்கள் மனசையே நம்புங்கள். இந்தத் தாள் ஒரு சல்லடை மட்டும்தான். நோய் இருக்கிறதா இல்லையா என்று அதனால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

யாரிடம் போவது? என்ன சொல்வது?

மனநல மருத்துவரிடம் நேராகப் போகலாம். தயக்கமாக இருந்தால் பிரசவம் பார்த்த மகப்பேறு மருத்துவர், குடும்ப மருத்துவர், ஏன், குழந்தைக்குத் தடுப்பூசி போடும் மருத்துவரிடம்கூடச் சொல்லலாம். எதிரே உட்கார்ந்ததும் வார்த்தை வராமல் போவது சகஜம். ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடுங்கள்: பிரசவத் தேதி, என்றைக்கு ஆரம்பித்தது, நேற்று மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அதில் தொடர்ச்சியாக எத்தனை, எது உங்களை அதிகம் பயமுறுத்துகிறது.

முன்பு எப்போதாவது, சில நாட்கள் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் வேகமும் இருந்ததுண்டா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அது இருதுருவக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். அவர்களுக்கு வழக்கமான மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். மருத்துவர் கேட்கவில்லை என்றாலும் நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று இது.

இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு சுரப்பி வீங்கிக் கோளாறு செய்வது இருபது பேரில் ஒருவருக்காவது நடக்கிறது. முதல் சில மாதங்களில் சுரப்பு கூடிப் படபடப்பு, எடை இழப்பு, தூக்கமின்மை. நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் சுரப்பு குறைந்து சோர்வு, முடி கொட்டுதல், மந்தம். இரண்டுமே மனச்சோர்வு போலவே இருக்கும். டிஎஸ்எச் (தைராய்டுக்கான பரிசோதனை), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பு), வைட்டமின் பி12 பார்த்தால் போதுமான தெளிவு கிடைக்கும். பால் சுரக்க மெட்டோகுளோபிரமைடு மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வு அதன் அறியப்பட்ட பக்கவிளைவு.

பேசுவதால் மட்டும் சரியாகிவிடுமா?

மிதமான நிலையில், ஆமாம், பலருக்குச் சரியாகிறது. தோழியிடம் மனம்விட்டுப் பேசுவது வேறு, சிகிச்சை வேறு. இரண்டு முறைகளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. முதலாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. “குழந்தை அழுகிறது, ஆகவே நான் தகுதியில்லாத தாய்” என்பது போன்ற தாவல்களைப் பிடித்து நிறுத்தவும், முடங்கிப்போன நாளைச் சின்னச் சின்னச் செயல்களால் மறுபடி கட்டவும் அது பழக்குகிறது. இரண்டாவது, உறவுகளை மையமாக வைத்த சிகிச்சை. தாயாவதால் கணவரோடும் பிறந்த வீட்டோடும் வேலையோடும் மாறிப்போனவற்றை எடுத்துப் பேசுகிறது. வாரத்துக்கு ஒரு முறை, 12 முதல் 16 அமர்வு என்பது வழக்கமான அளவு. தொலைபேசியிலும் காணொளியிலும் செய்யலாம்.

இரண்டு மூன்று அமர்விலேயே “ஒன்றும் ஆகவில்லை” என்று நின்றுவிடுபவர்கள் அதிகம். ஆறு அமர்வு வரை பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அசைவே இல்லை என்றால் மருந்து சேர்ப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா?

பெரும்பாலான மனச்சோர்வு மாத்திரைகளோடு கொடுக்கலாம். பாலூட்டும் தாய்க்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் செர்ட்ராலின். பாலில் அது மிகக் குறைவாகவே கலக்கிறது. தாயின் எடைக்கேற்ற அளவோடு ஒப்பிட்டால் குழந்தைக்குப் போவது பொதுவாக இரண்டு சதவீதத்துக்குள்தான் இருக்கும். பத்து சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் ஏற்கத்தக்கது என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். பரோக்செட்டினும் குறைவாகவே கலக்கும். ஃபுளுவாக்செட்டின் உடலில் நெடுநாள் தங்குவதால் பாலில் சற்று அதிகம் சேரும். ஆனாலும் முன்பு உங்களுக்கு நன்றாக வேலை செய்த மாத்திரை அதுதான் என்றால், புதிதாக வேறொன்றைச் சோதிப்பதைவிட அதையே தொடர்வது நல்லது என்று மருத்துவர் முடிவு செய்யலாம். டாக்செபின் பாலூட்டும்போது தவிர்க்கப்படுகிறது.

மாத்திரை போட்ட பின் பாலைப் பிழிந்து கொட்ட வேண்டியதில்லை. நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டியதும் இல்லை. குழந்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, எடை சரியாக ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். குறைமாதக் குழந்தை என்றால் குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை எதுவானாலும், அதைப் போட்ட இரவில் குழந்தையை உங்கள் படுக்கையில் படுக்க வைக்காதீர்கள்.

மருந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று பயப்படுபவர்கள், சிகிச்சை இல்லாத மனச்சோர்வும் குழந்தையைப் பாதிக்கிறது என்பதைத் தராசின் மறுதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரை தொடங்கினால் என்ன எதிர்பார்க்கலாம்?

செர்ட்ராலின் வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி, சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் 50 ஆகும். முதல் பத்து நாளில் குமட்டல், தலைவலி, லேசான படபடப்பு வரலாம். சாப்பிட்டதும் போட்டால் குமட்டல் குறையும். பலன் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தெரியத் தொடங்கும். முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். பக்கவிளைவு முதலில் வந்து பலன் பின்னால் வருவதால் “இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், ஆரம்ப அளவிலேயே மாதக்கணக்கில் இருந்து பாதி குணத்தோடு ஓட்டுகிறார்கள். நான்கு வாரம் கழித்தும் போதுமான மாற்றம் இல்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேட்க வேண்டும். 200 மில்லிகிராம் வரை போகலாம்.

நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம் வரை தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தொட்டது போன்ற உணர்வு வரும், நோயும் திரும்பலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையை இவற்றோடு சேர்க்கவே கூடாது. மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிப்போய் ஆபத்தாகலாம், கருத்தடை மாத்திரையின் பலனையும் அது குறைக்கும்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே வந்த முதல் மாத்திரை சுரானோலோன். அமெரிக்காவில் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. தினமும் மாலை 50 மில்லிகிராம், கொழுப்புள்ள உணவோடு, 14 நாள். சில நாட்களிலேயே பலன் தெரியத் தொடங்குகிறது. போட்ட 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. தூக்கக் கலக்கம் அதிகம். எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. மிகக் கடுமையான நிலையில், சாப்பாடே இறங்காதபோது அல்லது தற்கொலை ஆபத்து இருக்கும்போது, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின் அதிர்வுச் சிகிச்சை வேகமாக உதவும். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பாலூட்டலைத் தொடரலாம்.

தூக்கத்துக்கு என்ன செய்வது? “குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு” என்கிறார்கள், முடியவில்லை.

அந்த அறிவுரை பெரும்பாலும் பலிப்பதில்லை. பகலில் இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று பிய்ந்த தூக்கம் மூளைக்குப் போதாது. தேவைப்படுவது இரவில் தொடர்ச்சியாக நான்கிலிருந்து ஐந்து மணி நேரம். மருந்தைப் போலவே இதையும் ஒரு சிகிச்சையாக எண்ணி ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒன்பது மணிக்குத் தாய் பால் கொடுத்துவிட்டு, தேவைப்பட்டால் மீதியைப் பிழிந்துவிட்டு, வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். இரண்டு மணி வரை குழந்தை முழுக்க மற்றவர் பொறுப்பு. பிழிந்து வைத்த பாலோ, மருத்துவர் சொன்ன பால் மாவோ கொடுக்கலாம். பிழிந்த பால் 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும். குழந்தை வாய் வைத்துக் குடித்த மீதியை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

நேரடியாக மட்டும்தான் பால் கொடுக்கிறீர்கள் என்றால், மற்றவர் குழந்தையைக் கொண்டுவந்து தர வேண்டும். குடித்து முடித்ததும் அவரே வாங்கிப்போய் ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, தூங்க வைக்க வேண்டும். தாய் விளக்குப் போடாமல், போனைத் தொடாமல், உடனே திரும்பப் படுக்க வேண்டும்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படி: ஒரே அறையில் படுத்தால் குழந்தையின் சின்ன முனகலுக்கும் தாய் விழித்துக்கொள்வாள், மற்றவர் “எதைக் கொடுக்கணும், எவ்வளவு கொடுக்கணும்” என்று எழுப்பிக் கேட்பார். எல்லாவற்றையும் எட்டரை மணிக்கே எழுதி வைத்துவிடுங்கள். முதல் சில வாரங்களில், பால் சுரப்பு நிலைக்கும் முன், ஐந்து மணி நேரம் இடைவெளி விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் நடுவே ஒரு முறை பிழிவது அல்லது கொடுப்பது நல்லது. குழந்தை பிறந்த எடைக்குத் திரும்பும்வரை இடைவெளியைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இத்தனை ஏற்பாடும் செய்து, இருட்டறையில் படுத்தும் தூக்கம் வரவில்லையா? அது நோயின் அறிகுறி. மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

பால் சுரக்கும்போது மட்டும் திடீரென்று துக்கம் அழுத்துகிறது.

பால் இறங்குவதற்குச் சில நொடி முன்பு தொடங்கி, ஓரிரு நிமிடத்தில் மறைந்துவிடுகிறது, மற்ற நேரத்தில் நன்றாக இருக்கிறீர்கள் என்றால் அது மனச்சோர்வு அல்ல. பால் சுரப்பை ஒட்டி உடல் காட்டும் எதிர்வினை. என்னவென்று தெரிந்துவிட்டாலே பலருக்குப் பாதி பயம் போய்விடும். அந்தத் துக்கம் நாள் முழுக்கத் தொடர்ந்தால்தான் வேறு.

பாலூட்டுவதே சித்திரவதையாக இருக்கிறது என்றால் குறைக்கலாம், நிறுத்தலாம். அதற்காக யாரும் உங்களைக் குற்றம் சொல்ல உரிமையில்லை. ஆனால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மார்பு கட்டும், ஹார்மோன்கள் சட்டென்று மாறி மனநிலையும் இன்னும் சரியலாம். மூன்று நாளைக்கு ஒரு வேளை வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கணவர் என்ன செய்ய வேண்டும்?

“என்ன வேண்டும் என்று சொல், செய்கிறேன்” என்று கேட்காதீர்கள். முடிவெடுக்க முடியாததே இந்த நோயின் ஒரு பகுதி. நீங்களே பார்த்து எடுத்துச் செய்யுங்கள்: மருத்துவரிடம் நேரம் வாங்குவது, கூடவே போய் உட்காருவது, மாத்திரை தீரும் முன் வாங்கி வைப்பது, பார்க்க வருபவர்களைப் பத்து நிமிடத்தில் அனுப்பி வைப்பது, இரவின் முதல் பாதியை ஏற்பது. தினமும் ஒரு முறை குழந்தையைப் பற்றிக் கேட்காமல் அவளைப் பற்றிக் கேளுங்கள். சாகணும் போல இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல முடியாமல் தவித்தவளுக்கு வழி கிடைக்கும்.

“எல்லோரும்தான் பெற்றார்கள்”, “மனசைத் தைரியமாக வைத்துக்கொள்” என்பவை வேண்டாம். “உனக்கு உடம்பு சரியில்லை, சரியாகும், நான் கூட இருக்கிறேன்” போதும். அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லை என்று பெரியவர்கள் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். அந்தக் காலத்திலும் இருந்தது, பெயர்தான் இல்லை. மருத்துவர் சொன்னதாகவே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பாவுக்கும் வருமா?

வரும். ஏறத்தாழப் பத்து அப்பாக்களில் ஒருவருக்கு. பெரும்பாலும் குழந்தைக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும்போது. அழுகையாக இல்லாமல், எரிச்சல், வீட்டுக்கு வராமல் வேலையிலேயே கிடப்பது, குடி என்று வெளிப்படும். தாய்க்கு மனச்சோர்வு இருக்கும் வீட்டில் வாய்ப்பு இன்னும் கூடுதல். சிகிச்சை அதேதான்.

ஒரு முறை வந்துவிட்டது. அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். திரும்ப வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கர்ப்பம் உறுதியான மகிழ்ச்சியிலோ பயத்திலோ நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்ப காலத்திலேயே பேச்சு சிகிச்சையைத் தொடங்குவது பலருக்கு நோய் வராமலே தடுத்திருக்கிறது. சிலருக்குப் பிரசவமானதும் மாத்திரை தொடங்கச் சொல்வார்கள். எடின்பரோ தாளை ஏழாம் மாதத்தில் ஒரு முறை, பிரசவமாகி இரண்டு வாரம், ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று நிரப்பிப் பாருங்கள்.

முந்தைய முறை வந்தது மனப்பிறழ்வு என்றால் மறுபடி வரும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து எழுதிய திட்டம் இல்லாமல் பிரசவ நாள் வரக் கூடாது: எந்த மருந்து, எப்போது தொடங்குவது, முதல் இரண்டு வாரம் இரவில் யார் குழந்தையைப் பார்ப்பது, எந்த அறிகுறி கண்டால் யாருக்குப் போன் செய்வது. அந்தத் தாளின் ஒரு நகல் பிரசவப் பையிலும், இன்னொன்று கூட இருப்பவர் கையிலும் இருக்கட்டும்.